ஓர் உளவியல் ஆய்வை எடைபோடுவது எப்படி?

“மன உறுதி தீர்ந்துபோகும் சரக்கு. காலையில் செலவழித்துவிட்டால் மாலையில் மிச்சம் இருக்காது.” தன்னம்பிக்கைக் காணொளிகளிலும் வாட்சாப் பகிர்வுகளிலும் இப்படியொரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. ‘ஆய்வில் நிரூபணமானது’ என்ற முத்திரையும் கூடவே வரும். ஆய்வு நடந்தது உண்மை, மதிப்புமிக்க ஆய்விதழில் வெளிவந்ததும் உண்மை. ஆனால் பிற்பாடு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய காணாமல் போனது.

இது ஒரே ஓர் ஆய்வுக்கு நேர்ந்த கதி அல்ல. அமெரிக்க உளவியலாளர் பிரையன் நோசெக் தலைமையில் 270 ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து, 2008இல் மூன்று முன்னணி உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மறுசோதனை செய்தார்கள். மறுசோதனை என்றால் முதல் ஆய்வின் முறையை இயன்றவரை அப்படியே பின்பற்றி, புதிய ஆட்களிடம் திரும்பச் செய்வது. 2015இல் முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 தேறியிருந்தன, அதாவது கிடைத்த வித்தியாசம் வெறும் தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு இருந்தது. அந்த 97இல் மறுசோதனையிலும் தேறியவை 35. விளைவுகளின் சராசரி அளவும் பாதியாகச் சுருங்கியிருந்தது. நினைவு, கவனம் போன்றவற்றை ஆராயும் அறிதல்சார் உளவியலில் பாதி தேறியது; சமூக உளவியலில் நான்கில் ஒன்றுதான்.

இதைப் படித்ததும் ‘உளவியலே அறிவியல் அல்ல’ என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது, பயனும் இல்லாதது. ஒரு துறை முழுவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரு கூற்றை வைக்க முடியும். எந்தக் கூற்று எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் முறை இங்கே இருக்கிறது. மூலக் கட்டுரை, இணையம், கணிப்பான், ஒரு மணி நேரம் ஆகியவை போதும். சராசரியும் சதவீதமும் புரிந்தால் மீதியைப் போகப்போகப் பிடித்துக்கொள்ளலாம்.

படி 1: மூலக் கட்டுரையைக் கையில் எடுங்கள்

செய்தித்தாள் சுருக்கத்தையோ நூலின் மேற்கோளையோ வைத்து எடைபோட முடியாது. கட்டுரைத் தலைப்பையோ ஆய்வாளர் பெயரையும் ஆண்டையுமோ கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். வலது ஓரத்தில் பிடிஎஃப் இணைப்பு இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைச் சொடுக்கினால் ஆய்வாளரின் பல்கலைக்கழகப் பக்கத்திலோ உளவியல் கட்டுரைகளை இலவசமாக வைத்திருக்கும் சைஆர்க்கைவ் தளத்திலோ ஒரு பிரதி அகப்படலாம். எதுவும் கிடைக்காதபோது ஆய்வாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

கிடைத்ததும் முன்னுரையை விட்டுவிட்டு ‘முறை’ என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: யாரை வைத்துச் செய்தார்கள், அவர்களுக்கு என்ன செய்தார்கள், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்.

மன உறுதி பற்றிய அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 1998இல் வெளியிட்டது. 67 மாணவர்கள், ஒரு வேளை உணவைத் தவிர்த்துவிட்டு வரச் சொல்லப்பட்டவர்கள். அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறை. ஒரு குழு பிஸ்கட் சாப்பிட்டது. இன்னொரு குழு பிஸ்கட்டைத் தொடாமல் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த முள்ளங்கியை மட்டும் தின்ன வேண்டும். மூன்றாவது குழுவுக்குச் சாப்பாடே இல்லை. பிறகு எல்லோருக்கும் தீர்வே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்து, எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அளந்தார்கள். முள்ளங்கிக் குழு சராசரியாக 8 நிமிடம் சொச்சத்தில் கைவிட்டது. பிஸ்கட் குழு ஏறக்குறைய 19 நிமிடமும் ஒன்றும் சாப்பிடாத குழு ஏறக்குறைய 21 நிமிடமும் முயன்றன.

இப்படி எழுதிவைத்ததும் கூற்றின் உண்மையான எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. அளந்தது புதிரில் செலவிட்ட நிமிடம். ‘மன உறுதி’ என்பது ஆய்வாளர் அதற்குத் தந்த விளக்கம். முள்ளங்கி தின்னவைத்ததில் வந்த எரிச்சலாகவும் அது இருந்திருக்கலாம்.

படி 2: தலைகளை எண்ணுங்கள்

மொத்த எண்ணிக்கையைவிட ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். 67 பேரை மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு 22 பேர் சொச்சம்.

இது போதுமா என்பது தேடும் விளைவின் அளவைப் பொறுத்தது. இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுத்தால் வருவது விளைவு அளவு. கோஹனின் டி என்று பெயர். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பது பொதுவழக்கு. உண்மையில் இருக்கும் விளைவை ஐந்துக்கு நான்கு முறையாவது பிடிக்க வேண்டுமானால், 0.8க்குக் குழுவுக்கு 26 பேரும், 0.5க்கு 64 பேரும், 0.2க்கு 390 பேருக்கு மேலும் தேவை. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் படிக்கும் ஆய்வுகளில் பாதிக்கு இதுவே போதும். ஆண்களின் சராசரி எடை பெண்களுடையதைவிட அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதையே கருத்துக்கணிப்புத் தரவில் நம்பகமாக நிறுவக் குழுவுக்கு 46 பேர் வேண்டும் என்று யூரி சைமன்சன் குழுவினர் காட்டினார்கள். அதைவிட நுட்பமான ஒரு மனநிலை வித்தியாசத்தை 20 பேரில் கண்டதாக ஒரு கட்டுரை சொன்னால் நிதானிக்க வேண்டும்.

சின்ன மாதிரியில் இன்னொரு கேடு உண்டு. புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். மாதிரி சிறியதாக இருந்தால் விளைவைத் தவறவிடுவோம், கிடைத்துவிட்டால் அது உறுதியானது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. உண்மை விளைவு 0.2 என்றும் குழுவுக்கு 20 பேர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரியில் புள்ளியியல் வாசலை (படி 3இல் வரும் 0.05 எல்லையை) தாண்ட விளைவு குறைந்தது 0.64 என்று தெரிய வேண்டும். ஆகவே வாசலைத் தாண்டி அச்சேறும் ஒவ்வொரு முடிவும் உண்மையைக் குறைந்தது மூன்று மடங்கு ஊதிக்காட்டும். ஆய்வாளர் நூறு சதவீதம் நேர்மையானவராக இருந்தாலும் இது நடக்கும். மறுசோதனைகளில் விளைவுகள் பாதியாகச் சுருங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 3: பி-மதிப்பைச் சரியாகப் படியுங்கள்

‘முடிவுகள்’ பகுதியில் பி என்ற எழுத்தும் 0.05ஐ விடச் சிறிய ஓர் எண்ணும் இருக்கும். விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக எத்தனை தடவைக்கு ஒரு தடவை வரும் என்பதே அந்த எண். 0.05 என்றால் இருபதுக்கு ஒன்று. ‘இந்தக் கருதுகோள் உண்மையாக இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று அதற்குப் பொருள் இல்லை. பாடநூல்களிலேகூட இந்தத் தவறு இருக்கும்.

பல பரிசோதனைகள் கொண்ட கட்டுரை என்றால் எல்லா பி-மதிப்புகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். உண்மையான விளைவை ஐந்துக்கு நான்கு முறை பிடிக்கும் அளவுக்கு மாதிரி இருந்தால், தேறும் ஆய்வுகளில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் 0.01க்குக் கீழே விழும். 0.03, 0.04, 0.048, 0.02 என்று எல்லாமே வாசலுக்குச் சற்று உள்ளே நின்றால் ஏதோ தள்ளியிருக்கிறது என்று பொருள். ஐந்து பரிசோதனையும் தேறியது என்பதுகூடப் பலம் ஆகாது. ஒவ்வொன்றும் தேற பாதி வாய்ப்புதான் இருக்கும் அளவுக்கு மாதிரி சிறியதென்றால், ஐந்தும் சேர்ந்து தேற 3 சதவீத வாய்ப்பே உண்டு. தோற்றவை எங்கே என்று கேட்க வேண்டும்.

படி 4: தெரிவுகள் எப்போது எடுக்கப்பட்டன என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. மற்றவற்றுக்கு ஐந்து ஐந்து நிமிடம் என்றால் இதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள்.

2011இல் டேரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், மனிதர்கள் எதிர்காலத்தை முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று ஒன்பது பரிசோதனைகளோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்றவை. ஒன்பதில் எட்டு தேறின. வெளியிட்டது சமூக உளவியலின் முதன்மை இதழ்களில் ஒன்று. துறையில் எல்லோரும் பயன்படுத்தும் முறைகளைத்தான் அவர் பயன்படுத்தியிருந்தார். துறையைக் கலங்கவைத்தது அதுதான். அந்த முறைகளால் எதையும் நிரூபிக்க முடியுமென்றால், அவற்றால் நிரூபித்த மற்றவை என்னாவது? மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதை மறுசோதனை செய்து தோல்வி கண்டு அதே இதழுக்கு அனுப்பியபோது, மறுசோதனைகளை வெளியிடுவதில்லை என்று இதழ் திருப்பி அனுப்பியது. அது 2012இல் வேறோர் இதழில் வந்தது.

அதே 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் நோயைப் பெயர்சொல்லிக் காட்டினார்கள். ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்ட மாணவர்கள், வேறொரு பாட்டைக் கேட்டவர்களைவிட ஒன்றரை வயது இளையவர்களாக ஆனார்கள் என்று முறைப்படி ‘நிரூபித்தார்கள்’. மனநிலை அல்ல, பிறந்த தேதிப்படியான வயது. ஒன்றுக்கு மேற்பட்ட அளவைகளை எடுத்து வாய்த்ததை மட்டும் சொல்வது, முடிவு வராவிட்டால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, ஆணா பெண்ணா என்பது போன்ற ஒரு மாறியைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது, மூன்று குழுவில் ஒன்றை அறிக்கையிலிருந்து விட்டுவிடுவது என்ற நான்கே சுதந்திரங்களைச் சேர்த்துப் பயன்படுத்தினால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்வெற்றி (இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டுவது) 61 சதவீதம்வரை ஏறுகிறது என்று கணினிக் கணக்கில் காட்டினார்கள். இவற்றில் எதையும் ஆய்வாளர்கள் மோசடியாக நினைக்கவில்லை. கூடத்தில் அன்றாடம் நடந்தவை இவை.

கட்டுரையில் இதன் தடம் எப்படி இருக்கும்? முறைப் பகுதியில் ஐந்து கேள்வித்தாள் கொடுத்ததாகச் சொல்லி, முடிவுகளில் ஒன்றுமட்டும் வந்தால் அது ஒரு தடம். முதல் பரிசோதனையில் எடுக்காத அளவையை இரண்டாவதில் எடுத்து, காரணமே சொல்லாவிட்டால் இன்னொன்று. 43, 57 என்று விளக்கமில்லாத மாதிரி எண், ‘கவனமில்லாத ஏழு பேரை நீக்கினோம்’ என்று சொல்லி என்ன அளவுகோலால் என்று சொல்லாமல் விடுவது, பெண்களிடம் மட்டும், அதுவும் தன்மதிப்பு குறைந்த பெண்களிடம் மட்டும் விளைவு கிடைத்ததை முன்பே எதிர்பார்த்ததாக எழுதுவது எல்லாம் இந்த வகைதான். கடைசியாகச் சொன்னது, தரவைப் பார்த்தபின் கருதுகோளை எழுதி, அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதைப் போன்றது.

இதற்கு மருந்து முன்பதிவு. தரவு சேகரிக்கும் முன்பே கருதுகோள், மாதிரி அளவு, முதன்மை அளவை, நீக்கும் விதி, பகுப்பாய்வு முறை எல்லாவற்றையும் தேதியோடு பொதுத்தளத்தில் பூட்டிவைப்பது. கட்டுரையில் ஓஎஸ்எஃப் அல்லது ஆஸ்ப்ரெடிக்டட் என்ற முன்பதிவுத் தளத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதோடு திருப்திப்படாமல் சொடுக்கித் திறந்து, பதிவையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்தையும் ஒப்பிடுங்கள். பதிவுத் தேதி தரவு சேகரிப்புக்கு முந்தையதா என்றும் பாருங்கள். ‘முன்பதிவு செய்யப்பட்டது’ என்று முத்திரை குத்திவிட்டு முதன்மை அளவையை மாற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. மாற்றியது குற்றமல்ல, சொல்லாமல் மாற்றியதுதான் குற்றம்.

இதைவிட உறுதியானது பதிவுசெய்த அறிக்கை. 2013இல் கார்டெக்ஸ் இதழ் தொடங்கிவைத்த முறை. திட்டத்தை மட்டும் வைத்தே இதழ் ஏற்றுக்கொள்ளும். முடிவு எப்படி வந்தாலும் அச்சிடும். இரண்டு வகையையும் 2021இல் ஒப்பிட்டபோது, வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் தம் முதல் கருதுகோள் சரி என்றன; பதிவுசெய்த அறிக்கைகளில் 44 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடத் தெளிவாக இந்த நெருக்கடியைச் சொல்லும் வேறொன்று எனக்குத் தெரியாது.

படி 5: கூட்டல் கழித்தல் சரியா?

விடை முழு எண்ணாக இருக்கும் கேள்விகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் உருவாக்கியது, கிரிம் என்று பெயர். 24 பேர் 1 முதல் 7 வரை மதிப்பெண் தந்தார்கள், சராசரி 3.69 என்று கட்டுரை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஐ 3.69ஆல் பெருக்கினால் 88.56. மதிப்பெண்களின் கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்? 88ஐ 24ஆல் வகுத்தால் 3.67, 89ஐ வகுத்தால் 3.71. நடுவில் 3.69 வரவே முடியாது. ஆட்களின் எண்ணிக்கையோ சராசரியோ தவறு. இரண்டு தசம இடம் தரும் கட்டுரையில் குழுவுக்கு 100 பேருக்குக் கீழ் இருந்தால்தான் இது வேலை செய்யும். பல கேள்விகளின் சராசரி என்றால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேள்விகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டு ஆய்வாளர்மேல் பழி போடுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

பி-மதிப்புகளை ஸ்டாட்செக் என்ற இலவசக் கருவி சரிபார்க்கும். கோப்பை ஏற்றினால் போதும். மிஷேல் நுய்ட்டன் குழுவினர் இதை வைத்து எட்டு இதழ்களைச் சலித்தபோது பாதிக் கட்டுரைகளில் ஒரு முரண்பாடாவது இருந்தது. எட்டில் ஒன்றில் முடிவையே மாற்றக்கூடிய முரண்பாடு. பெரும்பாலானவை தட்டச்சுப் பிழையோ பிரதியெடுத்ததில் வந்த பிழையோதான். டச்சு உளவியலாளர் டீடெரிக் ஸ்டாப்பெல் போல் தரவையே கற்பனையாக எழுதிய மோசடிகள் உண்டு, அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனாலும் நெருக்கடியின் மூலகாரணம் மோசடி அல்ல. படி 4இல் பார்த்த பழக்கங்கள்தான்.

படி 6: மறுசோதனைகளைத் தேடுங்கள்

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் கீழே ‘மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கி, ‘மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடு’ என்ற பெட்டியில் குறியிட்டு, ரெப்ளிகேஷன், ரெஜிஸ்டர்ட் ரிப்போர்ட், மல்டிலேப் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக இட்டுத் தேடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மன உறுதி ஆய்வில் இப்படித் தேடினால் கிடைப்பதைப் பாருங்கள். 2010இல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) 198 சோதனைகளைத் திரட்டி, விளைவு அளவு 0.62 என்றது. எவ்வளவு பலமான ஆதாரம்! ஆனால் தொகுப்பாய்வில் சேர்ந்தது அச்சானவை மட்டும். தோற்றவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டன. 2014இல் கார்ட்டரும் மெக்கல்லோவும் அந்தச் சாய்வைத் திருத்திக் கணக்கிட்டபோது உண்மை விளைவு பூச்சியத்துக்கு அருகில் இருக்கலாம் என்று வந்தது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள், 2,141 பேர், முன்பதிவோடு செய்தார்கள். விளைவு 0.04. பரிசோதனைக்கு எடுத்த பணி சரியில்லை என்று பாமைஸ்டர் தரப்பு மறுத்தது. நியாயமாகக் கேட்க வேண்டிய மறுப்புதான் அது. ஆகவே அந்தக் கோட்பாட்டில் நீண்டகாலம் உழைத்த கேத்லீன் வோஸ் தலைமையிலேயே இன்னொரு முயற்சி நடந்தது. 36 கூடங்கள், 3,531 பேர், அவர்களே தேர்ந்த முறைகள். 2021இல் முடிவு வந்தது: 0.06.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதிகள் சில. தொகுப்பாய்வும் பல கூடங்கள் சேர்ந்து முன்பதிவோடு செய்த மறுசோதனையும் முரண்பட்டால் பின்னதை நம்புங்கள். ஒரே ஒரு மறுசோதனை தோற்றதை வைத்துக் கூற்றைக் குப்பையில் போடாதீர்கள். அதன் மாதிரி மூல ஆய்வைவிடப் பெரியதா, முறை அதேதானா என்று முதலில் பாருங்கள். ‘கருத்தளவில் மறுசோதனை’ என்ற பெயரில் வேறு பணி, வேறு அளவை வைத்துச் செய்தவற்றைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவை தேறினால் ஆதரவு என்பார்கள், தோற்றால் ‘அது வேறு ஆய்வு’ என்பார்கள்.

‘பண்பாடு வேறு, சூழல் வேறு, அதனால்தான் வரவில்லை’ என்ற வாதமும் அடிக்கடி வரும். சில நேரம் சரியாக இருக்கலாம். ஆனால் 28 விளைவுகளை 36 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் 15,305 பேரிடம் சோதித்த 2018ஆம் ஆண்டுத் திட்டத்தில், தோற்றவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் தோற்றன. பலமானவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் தேறின. சூழல் சில வேளை நாம் நினைக்காத இடத்தில் இருக்கும். முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வை, பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் டொயென் குழு 120 பேரை வைத்து அகச்சிவப்பு உணரிகளால் அளந்தது. விளைவு இல்லை. நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, ‘இவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று உதவியாளர்களை எதிர்பார்க்கவைத்தபோது விளைவு வந்துவிட்டது.

படி 7: விளைவு நிஜம் என்றாலும் எவ்வளவு?

தேறிய கூற்றையும் அதன் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ‘அறிவு வளரக்கூடியது’ என்ற எண்ணத்தை மாணவர்களிடம் ஊட்டும் பயிற்சியை அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் முன்பதிவோடு சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைந்த மாணவர்களிடம் ஏறக்குறைய நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி ஏறியது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சிக்கு அது நல்ல பலன். ஆனால் ‘மனப்பாங்கை மாற்றினால் வாழ்க்கையே மாறும்’ என்று விற்கப்படுவதற்கும் அதற்கும் வெகுதூரம்.

குழந்தைகளும் இனிப்பும் கதை இன்னும் பிரபலம்: ஒரு மார்ஷ்மெல்லோவை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் நன்றாகப் படிக்கும் என்பது. மூலத் தரவு ஸ்டான்ஃபோர்டு வளாக மழலைப்பள்ளியைச் சேர்ந்த சிறு குழு. 2018இல் வாட்ஸ், டங்கன், க்வான் மூவரும் 918 குழந்தைகளிடம் பார்த்தபோது தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது அறிதிறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. யாரை வைத்துச் செய்தார்கள் என்று படி 1இல் குறித்தீர்களே, அது இங்கே பயன்படும்.

தீர்ப்பை எப்படி எழுதுவது?

உண்மை, பொய் என்று எழுதாதீர்கள். ‘இவ்வளவு பேரிடம், இந்த முறையில், இத்தனை மறுசோதனைக்குப் பிறகு, விளைவு இவ்வளவு’ என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி எழுதிக்கொண்டே போனால் துறையின் வரைபடம் தானே உருவாகும். இடைவெளி விட்டுப் படித்தால் நினைவில் நிற்கும், திரும்பப் படிப்பதைவிடத் தன்னையே கேள்வி கேட்டுப் படித்தால் நிற்கும், முதலில் கேட்ட எண் பிற்பாடு சொல்லும் மதிப்பீட்டை இழுக்கும் ஆகியவை பாறை போல நிற்கின்றன. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ், படித்தது நாள்போக்கில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்து வரைந்த மறதிக் கோடு 2015இல் மறுபடி அதே வடிவில் கிடைத்தது. ஆளுமைப் பண்புகளுக்கும் வாழ்க்கை விளைவுகளுக்கும் உள்ள 78 தொடர்புகளை 2019இல் சோதித்தபோது 87 சதவீதம் தேறின, அளவுகள் சற்றுக் குறைந்திருந்தாலும். இவற்றை வைத்துக்கொண்டு அறிவியல் அல்ல என்று சொல்ல முடியாது. பிற துறைகளும் இந்தச் சோதனையில் சுலபமாகத் தப்பவில்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனம் 53 புகழ்பெற்ற புற்றுநோய் உயிரியல் ஆய்வுகளில் 6ஐத்தான் உறுதிசெய்ய முடிந்தது என்று 2012இல் சொன்னது.

உளவியலுக்கே உரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1967லேயே சுட்டிக்காட்டியது அது. கோட்பாடுகள் ‘இது அதைவிட அதிகமாக இருக்கும்’ என்று மட்டும் சொல்கின்றன, எவ்வளவு என்று சொல்வதில்லை. எவ்வளவு என்று சொல்லாத கோட்பாட்டைத் தோற்கடிப்பது கடினம். முன்பதிவு இதைத் தீர்க்காது.

ஓர் எச்சரிக்கை. ஆய்வுக்கூடப் பரிசோதனைகள் தோற்றதை வைத்து மனநலச் சிகிச்சையைச் சந்தேகித்து நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சைகளின் ஆதாரம் குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த மருத்துவச் சோதனைகள். அது தனி வழி. அங்கும் அச்சேறாத ஆய்வுகள் உண்டு. அமெரிக்க அரசு நிதியில் நடந்த மனச்சோர்வுப் பேச்சுச் சிகிச்சை ஆய்வுகளில் வெளியிடாதவற்றையும் தேடிச் சேர்த்தபோது விளைவு 0.52இலிருந்து 0.39 ஆனது. குறைந்தது, மறையவில்லை.

முதல் மறுசோதனையை நீங்களே செய்யலாம்

படிப்பதைவிடச் செய்து பார்ப்பதில் வேகமாகப் புரியும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் 100 மாணவர்களிடம் செய்ததில் தொடங்குங்கள். நிறக்கட்டங்களின் நிறத்தை 100 முறை சொல்ல 63 நொடி ஆனது. வேறு நிறப்பெயர் எழுதிய சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 நொடி. விளைவு மிகப் பெரியது. ஒரே ஆளிடம் இரண்டு அட்டையையும் ஒப்பிடுவதால் 24 பேர் தாராளமாகப் போதும்.

இரண்டு அட்டை அச்சிடுங்கள், ஒவ்வொன்றிலும் 40 இடம். முதல் அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு நிறக் கட்டங்கள். இரண்டாவதில் அந்த நான்கு சொற்கள், எப்போதும் வேறு நிற மையில். மஞ்சள் வேண்டாம், வெள்ளைத்தாளில் சரியாகத் தெரியாது. ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. பாதிப்பேர் முதல் அட்டையிலும் மீதிப்பேர் இரண்டாவதிலும் தொடங்கட்டும், இல்லாவிட்டால் பழக்கமும் களைப்பும் கணக்கைக் கெடுக்கும். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நீங்களே கடிகாரத்தை அழுத்தாதீர்கள், டொயெனின் உதவியாளர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும். குரலைப் பதிவுசெய்து, எந்த அட்டை என்று தெரியாத நண்பரிடம் கொடுத்து முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நேரம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நிறப்பெயர்கள் மட்டுமே கேட்கும் என்பதால் எது எந்த அட்டை என்று சொல்லித் தெரியாது. தடுமாற்றத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

தமிழ்ச் சொற்களால் செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விளைவு வாசிப்பு தன்னிச்சையாக நடப்பதால் வருவது. தமிழ் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களிடம் அது குறைவாகவே தெரியும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, நிறக்குருடு உள்ளவர்களை எப்படிக் கேட்டு அறிவது, எத்தனை பேரோடு நிறுத்துவது, இடையில் நின்றுபோனவர்களின் நேரத்தை என்ன செய்வது என்பவற்றை முதல் ஆள் வந்து உட்காரும் முன்பே எழுதி ஓஎஸ்எஃப் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்துவிடுங்கள். 24 பேர் முடிந்ததும் சராசரி, திட்ட விலக்கம், ஒவ்வொருவரின் இரண்டு நேரங்கள் ஆகியவற்றைப் பெயரில்லாமல் அட்டவணையாக அதே பக்கத்தில் ஏற்றுங்கள், முடிவு எந்தப் பக்கம் வந்தாலும்.